ஒளிவுமறைவு இல்லாத வீடு

சாகப்போகும் ஒரு பெண்ணைப் பற்றிய அமெரிக்க நாவல் உலகெங்கும் இளைஞர்களை அழவைத்தது. அந்த அழுகைக்கு அடியில் இருக்கும் கேள்வி சாவைப் பற்றியது அல்ல.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினான்கு வயதுப் பெண். நுரையீரலில் நீர் கோர்த்துக்கொண்டு மூச்சு முட்டுகிறது. இந்த இரவைத் தாண்டமாட்டாள் என்று எல்லோருமே நினைக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் தாய், மகளுக்குக் கேட்காது என்ற எண்ணத்தில், கணவரின் மார்பில் முகம் புதைத்து அழுகிறாள். மகள் போய்விட்டால் தான் இனி யாருக்கும் தாய் இல்லை என்பதே அந்த அழுகையின் சாரம். மகளுக்கு அது கேட்டுவிடுகிறது. எதிர்பாராமல் அவள் பிழைத்தும்விடுகிறாள். ஆனால் காதில் விழுந்த அந்தச் சொல் மட்டும் அவளை விட்டு நீங்குவதில்லை.

ஜான் கிரீன் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலின் மொத்தக் கதையையும் இந்த ஒரு காட்சிக்குள் அடக்கிவிடலாம். 2012 ஜனவரியில் வெளியான இந்தப் புத்தகம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2014-ல் ஹாலிவுட் இதைப் படமாக்கியது. சுமார் 1.2 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 30 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. இந்தியாவிலும் ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலிருந்து கல்லூரி விடுதிகள் வரை இது கைமாறிக்கொண்டே இருந்தது. 'அழ வைக்கும் காதல் கதை' என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. பெயர் பொய்யல்ல. ஆனால் அது பாதி உண்மைதான்.

தலைப்பு ஷேக்ஸ்பியரிடமிருந்து வந்தது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் காசியஸ் புரூட்டஸிடம், நம் தாழ்வுக்குக் காரணம் நாம்தான், கிரகங்களைக் குறை சொல்லாதே என்று வாதாடுவான். கிரீன் அதை மறுக்கிறார். பதிமூன்று வயதில் தைராய்டு புற்றுநோய் வந்த பெண் என்ன தப்பு செய்தாள்? சில துன்பங்களுக்கு யாரும் காரணம் இல்லை. முன்ஜென்ம வினை, ஜாதகக் கோளாறு, பெற்றோர் செய்த பாவம் என்று எதற்கும் ஒரு குற்றவாளியைத் தேடிப் பழகிய சமூகத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

கதாநாயகி ஹேசல் கிரேஸ் லான்காஸ்டருக்குக் கதை தொடங்கும்போது வயது பதினாறு. ஊர் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. போகுமிடமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போகிறாள். வீட்டில் இருக்கும் ஆக்சிஜன் கருவிக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். புதிய மருந்து ஒன்று கட்டிகளை வளரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. மகள் சோர்ந்து கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காத தாய், சர்ச் ஒன்றின் அடித்தளத்தில் நடக்கும் நோயாளிச் சிறுவர்களின் கூட்டத்துக்கு அவளை அனுப்புகிறாள். அங்கேதான் அகஸ்டஸ் வாட்டர்ஸ் வருகிறான். வயது பதினேழு. எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த முன்னாள் கூடைப்பந்து வீரன். நோய் விலகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனுடைய நண்பன் ஐசக்குக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றையும் எடுக்கப்போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே காதலி அவனை விட்டுப் போகிறாள்.

இதன் பிறகு வருவது காதல்தான். ஆனால் அந்தக் காதலுக்கு நடுவே இன்னொரு புத்தகம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணைப் பற்றி பீட்டர் வான் ஹூட்டன் என்ற எழுத்தாளர் எழுதிய நாவல் அது. ஆளும் புத்தகமும் கிரீனின் கற்பனை. அந்த நாவல் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுகிறது. சொல்லிக்கொண்டிருந்த பெண் செத்துப்போனாள், அல்லது எழுத முடியாமல் போனாள் என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். ஹேசல் அதை மனப்பாடமாகும் அளவுக்குப் படித்தவள். அவளை விடாமல் துரத்தும் சந்தேகம் ஒன்று உண்டு: கதை நின்ற பிறகு அந்தப் பெண்ணின் தாய்க்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டு அவள் எழுத்தாளருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள். நோயாளிக் குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பு ஒன்று தனக்குத் தந்த வாய்ப்பை அகஸ்டஸ் அவளுக்காகச் செலவிட, தாயோடு மூவரும் ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள். அங்கே கதவைத் திறப்பவர் பெரிய ஞானி அல்ல. பகலிலேயே குடித்துவிட்டு உளறும் மனிதர். கதை முடிந்ததும் பாத்திரங்களும் முடிந்தார்கள், அவர்களுக்குப் பிற்கால வாழ்க்கை ஏது என்று எரிந்து விழுகிறார். அந்தப் பெண்ணை அவமானப்படுத்தி அனுப்புகிறார். அவருடைய சொந்த மகள் எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தவள் என்பது பின்னால்தான் தெரிகிறது. அவர் எழுதிய நாவலே அந்தக் குழந்தைக்குத் தராமல் போன வாழ்நாளை எழுத்தில் தர முயன்றதுதான். ஹேசல் தேடிய கேள்விக்கு விடையாக அவரே எதிரில் நிற்கிறார்: மகளை இழந்து, மீள முடியாமல் போன ஒரு பெற்றோர்.

ஹேசலின் பயம் புரிவது இங்கேதான். சாவைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படவில்லை. தன் சாவு வீட்டில் இருக்கும் இருவரை என்ன செய்யும் என்பதுதான் அவளைத் தின்கிறது. தன்னை ஒரு கையெறி குண்டாக நினைத்துக்கொள்கிறாள். வெடிப்பதைத் தடுக்க முடியாது, பக்கத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கையையாவது குறைக்கலாம் என்பது அவள் கணக்கு. அகஸ்டஸை அவள் ஆரம்பத்தில் தள்ளி வைப்பதும் இதனால்தான். முதலில் வெடிப்பது அவன் என்று அவளுக்குத் தெரியாது.

மரணம் நெருங்கும் இளைஞர்களின் கதைகள் இந்திய வாசகர்களுக்கும் ரசிகர்களுக்கும் புதிதல்ல. 1970-ல் எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி' வந்து ஒரு தலைமுறையையே அழவைத்தது. அதில் மனைவிக்கு வந்த நோயை டாக்டர் முதலில் கணவனிடம்தான் சொல்கிறார். அவளுக்குத் தெரியாமல் அவன் நடிக்க வேண்டியிருக்கிறது. இந்திய சினிமாவில் இந்த ரகசியம் இன்னும் பெரிதானது. தெலுங்கில் 1981-ல் வந்த 'பிரேமாபிஷேகம்', அதைத் தழுவி மறு ஆண்டு தமிழில் வந்த 'வாழ்வே மாயம்' இரண்டிலும் நாயகன் தனக்குப் புற்றுநோய் என்பதைக் காதலியிடம் மறைக்கிறான். தன்னை வெறுத்து வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளட்டும் என்று கெட்டவன் வேஷம் போடுகிறான். ரகசியம் உடைவதுதான் கிளைமாக்ஸ். மறைப்பது தியாகம், சொல்லிவிடுவது கொடுமை என்பது எழுதப்படாத விதி.

கிரீனின் நாவலில் உடைவதற்கு ரகசியமே இல்லை. முதல் பக்கத்திலேயே ஹேசலுக்குத் தன் நிலை தெரியும். பெற்றோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் முடிவுகள் அவள் முன்னால்தான் பேசப்படுகின்றன. அப்பா அடிக்கடி அழுகிறார், அதையும் மறைப்பதில்லை. இந்தக் குடும்பம் சேர்ந்து சாப்பிடுகிறது, டி.வி. பார்க்கிறது, சண்டை போடுகிறது. மகளின் பாதிப் பிறந்த நாளைக்கூட அம்மா கொண்டாடுகிறாள். உண்மை வெளியே வந்தால் வீடு இடிந்துவிடும் என்ற பயத்துக்கு நாவல் தரும் பதில் இந்தச் சாதாரண நாட்கள்தான்.

இந்திய மருத்துவமனைகளின் நடைமுறை வேறு. புற்றுநோய் வார்டுகளில் டாக்டர்கள் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "பேஷன்ட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." நோயாளி பெரியவர் என்றாலே இந்த நிலை. பதினைந்து வயதுப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஃபைலை மறைத்து வைப்பார்கள். அறைக்கு வெளியே போய்ப் பேசுவார்கள். 'சின்னக் கட்டிதான், சரியாகிவிடும்' என்பார்கள். எல்லாம் அன்பினால் நடப்பது. ஆனால் அந்த அன்பு யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் கேள்வி.

மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதிய ஆய்வு நூல் ஒன்று 1978-ல் வெளிவந்தது. லுகேமியா வந்த மூன்று முதல் ஒன்பது வயது வரையான குழந்தைகளோடு ஆஸ்பத்திரி வார்டில் மாதக்கணக்கில் இருந்து அவர் கண்டது இது: யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் சாகப்போவது தெரிந்திருந்தது. மருந்துகள் மாறுவதை வைத்து, பக்கத்துக் கட்டில் காலியானதை வைத்து, பெரியவர்களின் முகத்தை வைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பெற்றோர் மனம் உடைந்துவிடுவார்கள் என்று தெரியாதது மாதிரி நடித்தார்கள். பெரியவர்கள் குழந்தைக்காக நடிக்க, குழந்தை பெரியவர்களுக்காக நடித்தது. இருவரும் தனித்தனியே தனிமையில் இருந்தார்கள்.

பேசினால் பிறகு வருத்தப்பட நேருமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஸ்வீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோர்களிடம் நடத்திய ஆய்வு 2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியதாகச் சொன்ன 147 பெற்றோர்களில் ஒருவர்கூட அதற்காக வருத்தப்படவில்லை. பேசாமல் விட்ட 258 பேரில் 69 பேர் வருத்தப்பட்டார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். ஸ்வீடனும் இந்தியாவும் ஒன்றல்ல. கூட்டுக் குடும்பம், மதம், டாக்டரிடம் பேசும் முறை எல்லாம் வேறு. இருந்தாலும் அந்த 'ஒருவர்கூட இல்லை' என்ற எண்ணிக்கையை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

கிரீன் இதையெல்லாம் தூரத்தில் இருந்து எழுதியவர் அல்ல. பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு இருபதுகளின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்கள் ஆறுதல் சொல்லும் பணியில் இருந்தார். சாகும் குழந்தைகளைப் பார்த்த பின் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். நாவலாக எழுத முயன்று பல ஆண்டுகள் தோற்றார். பின்னர் எஸ்தர் ஏர்ல் என்ற வாசகியின் நட்பு கிடைத்தது. தைராய்டு புற்றுநோயோடு வாழ்ந்த அவர் 2010-ல் பதினாறு வயதில் இறந்தார். நாவல் அவருக்குத்தான் சமர்ப்பணம். ஹேசல் எஸ்தர் அல்ல என்று கிரீன் சொன்னாலும், நோயாளிப் பெண் கோபப்படலாம், கிண்டல் செய்யலாம், பிறரை எரிச்சலூட்டலாம் என்ற சுதந்திரம் அந்த நட்பில் இருந்து வந்ததுதான்.

அந்தச் சுதந்திரம்தான் புத்தகத்தைக் காப்பாற்றுகிறது. 'நோயோடு போராடும் வீரப் பெண்' என்ற பட்டத்தை ஹேசலால் சகிக்க முடியாது. மூச்சுவிட முடியாமல் அவசர சிகிச்சைக்குப் போன ஒரு நாள், ஒன்று முதல் பத்து வரையில் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்கிறாள். ஹேசல் ஒன்பது விரல் காட்டுகிறாள். பத்தை ஒன்பது என்கிறாயே, நீ பெரிய தைரியசாலி என்று நர்ஸ் பின்னால் பாராட்டுகிறாள். உண்மையில் அது தைரியம் அல்ல. பத்தை அவள் மிச்சம் வைத்திருந்தாள். அகஸ்டஸ் இறந்த செய்தி வரும் இரவில்தான் அந்தப் பத்து எது என்று அவளுக்குத் தெரிகிறது.

அகஸ்டஸோ வீரனாகச் சாக ஆசைப்பட்டவன். உலகம் தன்னை மறந்துவிடும் என்பதுதான் அவன் பயம். நோய் திரும்பி வந்து உடலெங்கும் பரவிய பிறகு, ஓர் இரவு யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போகிறான். சிகரெட் பாக்கெட் ஒன்றைத் தானே வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதுவும் முடியவில்லை. வயிற்றில் பொருத்திய குழாய் சீழ் பிடித்து, வாந்தியில் நனைந்து, வெட்கத்தில் அழுதுகொண்டு ஹேசலை போனில் கூப்பிடுகிறான். நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை. இங்கே பின்னணி இசை இல்லை, தத்துவம் இல்லை. நோய் ஒரு பையனிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. இந்தப் பிள்ளைகள் பேசுவது சில இடங்களில் தத்துவப் பேராசிரியர்கள் பேசுவது போல இருக்கிறது. ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டில் வைத்து முதல் முத்தம், சுற்றி நிற்பவர்களின் கைதட்டல் என்பதெல்லாம் சினிமாத்தனம். இத்தகைய கதைகளை 'நோய் இலக்கியம்' என்று முத்திரை குத்தி, பிள்ளைகளின் மனதைக் கெடுப்பவை என்று 2013-ல் ஒரு பிரிட்டிஷ் நாளேடு சாடியது. அது அதிகப்படி. பிள்ளைகள் மரணத்தைப் பற்றி நாவலில் படிப்பதற்கு முன்பே தாத்தா பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ பார்த்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாவலில் பணம் பெரிய பிரச்சினை ஆவதே இல்லை. ஹேசலை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கற்பனையானது என்று கிரீனே நூலின் முடிவில் சொல்லிவிடுகிறார். உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பணக்கார நாடுகளில் இவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் தாமதமாகத் தெரிகிறது. பாதி சிகிச்சையில் பணம் தீர்ந்துவிடுகிறது. வலிக்குக்கூட மருந்து கிடைப்பதில்லை. இந்தியா சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு. ஆனால் 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியில் இங்கேயே மார்ஃபின் புழக்கம் சரிந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் உள்ளிட்டோரின் நீண்ட முயற்சிக்குப் பிறகு 2014-ல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஒன்பது விரல் காட்டினால் மருந்தோடு நர்ஸ் ஓடி வருவாள் என்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் அல்ல.

இந்தக் குறையைக் கிரீன் பின்னர் உணர்ந்தார் என்றே தோன்றுகிறது. 2019-ல் சியரா லியோன் நாட்டில் ஒரு காசநோய் மருத்துவமனையில் பதினேழு வயதுப் பையன் ஒருவனைச் சந்தித்தார். நோயும் பசியும் அவனை ஒன்பது வயதுச் சிறுவனைப் போல ஆக்கியிருந்தன. அவனை மையமாக வைத்து 2025-ல் அவர் எழுதிய 'எவ்ரிதிங் இஸ் டியூபர்குலோசிஸ்' நாவல் அல்ல. மருந்து இருந்தும் ஒரு பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற விசாரணை. பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த முயற்சியை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எதிர்த்து வழக்காடியவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். அதே ஆண்டு அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தன் வாசகர்களைத் திரட்டிக் குரல் கொடுத்தவர்களில் கிரீனும் ஒருவர். எல்லாத் துன்பத்துக்கும் நட்சத்திரங்கள்தான் காரணம் என்று அவர் இப்போது சொல்லமாட்டார்.

நாவல் இந்தியாவுக்கு வந்தது 'தில் பேச்சாரா' என்ற இந்திப் படமாக. 2020 ஜூலையில் ஓ.டி.டி.யில் வெளியானது. நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் அதற்கு முந்தைய மாதம்தான் இறந்திருந்தார். படத்தைப் படமாகப் பார்க்க யாராலும் முடியவில்லை. இண்டியானாபோலிஸ் ஜாம்ஷெட்பூர் ஆனது, ஆம்ஸ்டர்டாம் பாரிஸ் ஆனது, நாயகன் ரஜினி ரசிகன் ஆனான். ஏ.ஆர். ரஹ்மானின் இசையும் இருந்தது. ஆனால் பாதியில் நின்ற நாவலின் இடத்தில் பாதியில் நின்ற பாட்டு வந்தது. பாட்டு ஏன் முடியவில்லை என்று நாயகி கேட்கிறாள். அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வழியிலேயே தொலைந்துபோனது.

நாவலில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் அல்ல, வீட்டில். மகளுக்குத் தெரியாமல் தாய் ஒரே ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறாள். சமூகப் பணி படிப்பில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்பது எண்ணம். 'நான் போன பிறகு வாழத் திட்டம் போடுகிறாள்' என்று மகள் நினைத்துவிடுவாளோ என்று பயந்து சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரே ஒளிவுமறைவு அதுதான்.

அது வெளியே வந்தபோது ஹேசல் நொறுங்கவில்லை. மகிழ்ச்சியில் அழுகிறாள். தன்னோடு தன் தாயும் முடிந்துபோகப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி இரவில் காதில் விழுந்த அந்தச் சொல்லுக்கு அவள் இத்தனை நாளாகத் தேடியது இந்தப் பதிலைத்தான். கேட்பதற்கு இத்தனை காலம் ஆனதற்குக் காரணம், தாய் தன் அன்பினால் அதை மறைத்து வைத்ததுதான்.